கயிற்றை விட்ட பின்: கிளைடர் விமானிகளின் போர்

இரண்டாம் உலகப் போரில் வானில் பறந்தவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் திரும்பி வரும் வழி என்று ஒன்று இருக்கவில்லை. குண்டுவீச்சு விமானி குண்டைப் போட்டுவிட்டுத் தளத்துக்குத் திரும்புவார். பாராசூட் வீரர்களை இறக்கிவிட்டுப் போக்குவரத்து விமானமும் வந்த வழியே போய்விடும். எஞ்சின் இல்லாத கிளைடரை ஓட்டியவருக்கோ ஒரே ஒரு இறக்கம்தான். அதுவும் எதிரியின் பிடியில் உள்ள மண்ணில், பல நேரம் இருட்டில், அதுவரை புகைப்படத்தில் மட்டுமே பார்த்த வயலில். இறங்கிய மறுகணம் அவர் ஓட்டி வந்த விமானம் உடைந்த மரமும் கிழிந்த துணியும்தான். மாதக்கணக்கில் கற்ற தொழிலுக்கு அந்த இடத்தில் வேலை இல்லை. சுற்றிலும் துப்பாக்கிகள் வெடிக்கின்றன. அப்போது அவர் யார்? விமானியா, சிப்பாயா, பத்திரமாகப் பின்னுக்கு அனுப்பப்பட வேண்டிய தொழிலாளியா?

கிளைடர் போரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்கள். ஒன்று அந்த விமானிகளின் துணிச்சல். மற்றொன்று, பறிகொடுத்த உயிர்களுக்கு ஈடாக ஏதேனும் கிடைத்ததா என்ற கணக்கு. இரண்டும் பேசவேண்டியவைதான். ஆனால் களத்தில் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், மேலே கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு ராணுவமும் என்ன பதில் வைத்திருந்தது என்பதுதான் அந்த விமானிகளின் அனுபவத்தை அதிகம் தீர்மானித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லின. அந்தப் பதில்களுக்கான விலையை விமானிகள் கொடுத்தார்கள்.

முதலில் பதில் சொன்னது ஜெர்மனி. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் அந்நாட்டுக்கு விமானப்படை இருக்கக்கூடாது என்று தடை போட்டது. எஞ்சின் வைத்த விமானத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் இளைஞர்கள் எஞ்சின் இல்லாததை நோக்கித் திரும்பினார்கள். ரோன் மலைத்தொடரின் வாசர்குப்பே குன்று இருபதுகளில் கிளைடர் பிரியர்களின் கூடாரமாயிற்று. அந்த விளையாட்டு வளர்த்த கைத்திறனை ராணுவம் எடுத்துக்கொண்டது. பத்துப் பேர் ஏறக்கூடிய டிஎஃப்எஸ் 230 என்ற தாக்குதல் கிளைடர் உருவானது.

1940 மே 10 விடியற்காலை, பெல்ஜியத்தின் எபென்-எமேல் கோட்டையின் கூரைமீது அந்தக் கிளைடர்கள் வந்திறங்கின. ஆல்பர்ட் கால்வாயின் பாலங்களைத் தன் பீரங்கிகளின் கீழ் வைத்திருந்த கோட்டை அது. உள்ளே பல நூறு வீரர்கள். வந்தவர்கள் 11 கிளைடர்களில் புறப்பட்ட சுமார் 85 பேர். கொலோனிலிருந்து எல்லைவரை தரையில் வரிசையாக வைத்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இழுவை விமானங்கள் பறந்தன. கோட்டைக்குப் பல மைல் முன்பாகவே கிளைடர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் சரிந்து வந்தன. கூரைப் புல்வெளியில் நீளமாகச் சறுக்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக அடிச்சட்டங்களில் முள்கம்பியைச் சுற்றியிருந்தார்கள். இறங்கியது 9 கிளைடர்கள். படைத்தலைவர் ருடால்ஃப் விட்ஸிக் ஏறியிருந்த கிளைடரின் கயிறு கொலோனுக்கு அருகிலேயே அறுந்துபோய், அவர் ஒரு புல்வெளியில் இறங்கவேண்டியதாயிற்று. இன்னொரு இழுவை விமானத்தை வரவழைத்து, வேலிகளை அகற்றி ஓடுபாதை உண்டாக்கி, சில மணி நேரம் கழித்துக் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். தலைவர் இல்லாமலே வேலை பாதிக்குமேல் முடிந்திருந்தது. மறுநாள் கோட்டை சரணடைந்தது. தாக்கியவர்கள் தரப்பில் இறந்தது 6 பேர்.

தலைவர் வராமலே வேலை நடந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கிளைடரும் தனித்தனிக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தன் இலக்கு எந்தப் பீரங்கிக் கூடு என்று மனப்பாடம். விமானியும் அந்தக் குழுவில் ஒருவர். வெடிகுண்டு வைக்கவும் சுடவும் மற்றவர்களோடு சேர்ந்தே பயிற்சி பெற்றவர். இறங்கியதும் இருக்கையிலிருந்து குதித்துத் தன் பங்கு வேலையைப் பார்த்தார். சின்னப் படை, மாதக்கணக்கான ஒத்திகை, ஒரே ஒரு இலக்கு என்று இருந்தால் கேள்வியே எழுவதில்லை. ஆனால் போர் எப்போதும் அப்படி அமைவதில்லை. மறு ஆண்டு மே மாதம் கிரீட் தீவில் இறங்கிய கிளைடர்கள் வறண்ட ஆற்றுப்படுகையின் பாறைகளில் மோதிச் சிதறின. அங்கே ஏற்பட்ட சேதத்தைப் பார்த்த பிறகு அவ்வளவு பெரிய வான்வழித் தாக்குதலுக்கு ஹிட்லர் மறுபடி துணியவில்லை. கிரீட்டைப் பார்த்த பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்ப்பாடம் கற்றன. கிளைடர்களைப் பெரிய அளவில் கட்டத் தொடங்கின.

பறத்தல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. காற்றில் மிதந்து செல்லும் சுகமான சவாரி என்று கிளைடரைப் பற்றி வெளியாட்கள் நினைப்பார்கள். போர்க் கிளைடரில் அந்தச் சுகம் துளியும் இல்லை. அமெரிக்காவின் வாக்கோ சிஜி-4ஏ எஃகுக் குழாய்ச் சட்டகத்தின்மேல் துணி போர்த்திய பெட்டி. இறக்கைவீச்சு 83 அடிக்கு மேல். இரு விமானிகளும் 13 வீரர்களும் ஏறலாம், அல்லது ஒரு ஜீப்பை ஏற்றலாம். மூக்குப்பகுதி விமானிகளின் இருக்கையோடு சேர்ந்து கீல்போட்ட கதவாக மேலே தூக்கிக்கொள்ளும். பிரிட்டனின் ஹோர்சா முழுக்க மரம். மேசை நாற்காலி செய்த பட்டறைகளில் அதன் பாகங்கள் தயாராயின. அதைவிடப் பெரிய ஹமில்கார் சிறு டாங்கி ஒன்றையே சுமந்தது. தரை தொட்டதும் சட்டென வெளியேறவேண்டும் என்பதற்காக வானிலேயே டாங்கியின் எஞ்சினை இயக்கிவிடுவார்கள்.

இழுவை விமானத்துக்கும் கிளைடருக்கும் நடுவே 300 அடிக்குமேல் நீளமான கயிறு. முன்னே செல்லும் விமானத்தின் விசிறிகள் கிளப்பும் காற்றுச்சுழல் நேர் பின்னால் இருக்கும். அதற்குள் சிக்கினால் கிளைடர் கட்டுமீறித் துள்ளும். ஆகவே அந்தச் சுழலுக்குச் சற்று மேலே அல்லது கீழே கிளைடரை விடாமல் நிறுத்திவைக்க வேண்டும். தானாக ஓட்டும் கருவி எதுவும் கிடையாது. இரண்டு மூன்று மணி நேரம் இரு கைகளாலும் இரு கால்களாலும் போராடியபடி இருக்கவேண்டும். அதனால்தான் இரண்டு விமானிகள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மேகத்துக்குள் நுழைந்தால் முன்னே போகும் விமானம் மறைந்துவிடும், கயிற்றின் முதல் சில அடிகள் மட்டும் தெரியும். கயிறு எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் சிறு கருவி ஒன்றைப் பிரிட்டிஷ் கிளைடர்களில் வைத்தார்கள். அதை நம்பியே இருட்டில் பறந்தார்கள். பாராசூட் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருந்த வீரர்களுக்கு இல்லாதது விமானிக்கும் இல்லை. கீழேயிருந்து வரும் தோட்டா துணியையும் ஒட்டுப்பலகையையும் கேட்காமல் நுழையும் என்பதால், குண்டு துளைக்காத மேலங்கியை உடம்பில் போடாமல் இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்த விமானிகள் உண்டு. பின்னால் கட்டியிருக்கும் ஜீப் மோதலில் அறுத்துக்கொண்டு முன்னே வந்தால் நசுங்குவது விமானிகள்தான்.

கயிறு அறுவதற்கு எதிரியே வேண்டியதில்லை. 1942 நவம்பர் 19 இரவு, நார்வேயில் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்க்க இரண்டு ஹோர்சாக்கள் ஸ்காட்லாந்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்டன. பனி உறைந்த கயிறு, மேகம், மலைகள். இரண்டு கிளைடர்களும் இழுவை விமானம் ஒன்றும் நொறுங்கின. உயிர்தப்பியவர்களையும் ஜெர்மானியர் பிடித்துக் கொன்றார்கள். மொத்தம் 41 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

1942 பிப்ரவரியில் பிரிட்டன் கிளைடர் பைலட் ரெஜிமென்டைத் தொடங்கியது. ஆள்கள் தரைப்படையிலிருந்து வந்தார்கள். பறக்கக் கற்றுக்கொடுத்தது விமானப்படை. முதல் தளபதி ஜான் ராக் அதே ஆண்டு கிளைடர் விபத்தில் காயமுற்று இறந்தார். அடுத்து வந்த ஜார்ஜ் சாட்டர்ட்டன் தன் ஆள்களை முழுமையான சிப்பாய்களாக வார்க்க முடிவு செய்தார். அவருடைய விமானி ஹோர்சாவை ஓட்டவும் வேண்டும், இறங்கியபின் துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, மோர்ட்டார் எதையும் இயக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் ஜீப்பையும் ஓட்டவேண்டும். ராணுவ அணிவகுப்பு ஒழுங்கில் அவர் காட்டிய கெடுபிடி பலரை எரிச்சலூட்டியது. அந்தக் கெடுபிடியின் பயன் பின்னால் தெரியவந்தது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே கிளைடர் விமானி ராணுவ விமானப் பிரிவைச் சேர்ந்தவர். சுமார் 6,000 பேருக்குப் பயிற்சி தரத் திட்டம் விரிந்தபோது, போர் விமானியாகத் தேர்ச்சி பெறாதவர்களும் கண்ணாடி அணிந்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். சட்டையில் குத்திய இறக்கைச் சின்னத்தின் நடுவில் ஆங்கில ஜி எழுத்து. அது துணிச்சலைக் குறிக்கும் எழுத்து என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய மேலதிகாரிகளின் கணக்கில் விமானியின் வேலை தரை தொட்டதோடு முடிந்தது. அதன்பின் அடுத்த பயணத்துக்காக அவர் பின்னுக்கு வந்துசேரவேண்டும். எந்த வழியில், யார் பாதுகாப்பில் என்பது பெரும்பாலும் எழுதப்படாமல் இருந்தது.

இந்த இரு முறைகளும் முதலில் உரசிக்கொண்ட இடம் சிசிலி. 1943 ஜூலை 9 இரவு, சிராக்யூஸ் நகருக்குத் தெற்கே உள்ள போன்டே கிராண்டே பாலத்தைப் பிடிக்க, துனிசியாவிலிருந்து 140-க்கு மேற்பட்ட கிளைடர்கள் புறப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வாக்கோ. ஓட்டியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்கள். அந்த வாக்கோக்கள் வட ஆப்பிரிக்காவுக்குப் பெட்டிகளில் பாகம் பாகமாக வந்தவை. விமானிகளே பிரித்துப் பூட்டினார்கள், காலிப்பெட்டிகளில் குடியிருந்தார்கள். பழக்கமில்லாத அந்த ரகத்தில் பறந்துபார்க்கச் சில மணி நேரமே கிடைத்தது. இரவில், பாறைக் கரையில், இவ்வளவு குறைந்த பயிற்சியோடு இறங்குவது கூடாது என்று சாட்டர்ட்டன் எதிர்த்தார். தன் மேலதிகாரி ஜெனரல் ஹாப்கின்சன் முன் வைத்த தெரிவு ஒன்றுதான்: திட்டத்தை ஏற்பது, இல்லாவிட்டால் பதவியை விடுவது என்று அவர் பிற்பாடு எழுதினார். தன் ஆள்களைத் தலைவர் இல்லாமல் விட மனமின்றி ஏற்றுக்கொண்டார்.

அன்றிரவு எதிர்க்காற்று பலமாக வீசியது. கடலோரத்தில் பீரங்கிச் சூடு கிளம்பியதும், போர் அனுபவம் குறைந்த அமெரிக்க இழுவை விமானிகள் பலர் கரைக்கு வெகு தூரத்திலேயே திரும்பினார்கள். கயிற்றை விட்ட கிளைடருக்கு உயரமே எரிபொருள். அந்த உயரத்தில் காற்றை எதிர்த்துக் கரையை அடைய முடியாது. 60-க்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. 200-க்கும் அதிகமானோர் மூழ்கி இறந்தார்கள். மரத்தாலும் துணியாலும் ஆன இறக்கைகள் மிதந்ததால் அவற்றைப் பற்றிக்கொண்டு பலர் விடியும்வரை கிடந்தார்கள். அப்படிக் கடலில் விழுந்தவர்களில் சாட்டர்ட்டனும் இருந்தார், ஹாப்கின்சனும் இருந்தார். பாலத்துக்கு அருகே சரியாக இறங்கியது ஒரே ஒரு ஹோர்சா. அதன் ஆள்களோடு அங்குமிங்கும் இறங்கி நடந்து வந்தவர்களும் சேர, 90-க்கும் குறைவானவர்கள் மறுநாள் பிற்பகல்வரை பாலத்தைக் காத்தார்கள். அவர்களை எதிரி அடக்கிய சிறிது நேரத்தில் கடற்கரையிலிருந்து முன்னேறி வந்த படை பாலத்தை மீட்டது. வெடிவைத்துத் தகர்க்க எதிரிக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகவே திட்டம் வெற்றி என்றும் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கிளைடரைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இறுதி முடிவு எவர் கையில் இருந்ததோ, அவர் கிளைடருக்குள் இல்லை. கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் வேறு நாட்டு, வேறு படைப்பிரிவின் ஆள். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து செய்த பயிற்சி மிகக் குறைவு. அந்தக் குற்றம் இழுவை விமானியைவிட, இருவரையும் ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்களாகப் புறப்பட வைத்தவர்களையே சேரும்.

சிசிலி கற்பித்ததை நார்மண்டியில் பார்க்கலாம். 1944 ஜூன் 6 நள்ளிரவு தாண்டி, கான் கால்வாய்மீதும் ஓர்ன் ஆற்றின்மீதும் உள்ள இரண்டு பாலங்களைப் பிடிக்க 6 ஹோர்சாக்கள் வந்தன. இந்த விமானிகள் வாரக்கணக்காக ஒரே விஷயத்தைப் பழகியிருந்தார்கள். முதலில் பகலில், பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுப் பகலை இரவாக்கி, பிறகு நிஜ இருட்டில். குறித்த உயரத்தில் கயிற்றை விட்டு, திசைகாட்டியைப் பார்த்து இத்தனை நொடி நேரே, பிறகு திரும்பி இத்தனை நொடி என்று எண்ணிக்கையாலேயே இடத்தை அடையும் முறை அது. முதல் கிளைடரை ஓட்டியவர் ஜிம் வால்வொர்க். பக்கத்தில் நிறுத்துகடிகாரத்தோடு ஜான் ஐன்ஸ்வொர்த். பின்னால் மேஜர் ஜான் ஹோவர்டும் அவருடைய ஆள்களும். கிளைடரின் மூக்கு முள்வேலியைக் கிழித்துக்கொண்டு நின்றால் நல்லது என்று ஹோவர்ட் கேட்டிருந்தார். 12.16 மணிக்கு, பாலத்திலிருந்து 50 கெஜத்துக்கும் குறைவான தூரத்தில், மூக்கு வேலிக்குள் புகுந்தபடி கிளைடர் நின்றது. நின்ற வேகத்தில் விமானிகள் இருவரும் இருக்கையோடு கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே எறியப்பட்டார்கள். அன்று பிரெஞ்சு மண்ணைத் தொட்ட முதல் நேசநாட்டு வீரர்கள் அவர்களாக இருக்கலாம், மயக்க நிலையில். பாலத்தில் இருந்த காவலாளி அந்தச் சத்தத்தைச் சுட்டுவீழ்த்தப்பட்ட விமானத்தின் துண்டு விழுந்த சத்தம் என்று எடுத்துக்கொண்டார். பாலம் சில நிமிடங்களில் கைமாறியது.

வால்வொர்க் நினைவு திரும்பியதும் செய்த காரியம்தான் என் கேள்விக்குப் பொருத்தமானது. தலைக்காயத்திலிருந்து வழிந்த ரத்தம் கண்ணில் இறங்க, நொறுங்கிய கிளைடரிலிருந்து வெடிமருந்துப் பெட்டிகளைச் சுமந்து வீரர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்படிச் செய்யும்படி யாரும் அந்த நேரத்தில் சொல்லவேண்டியிருக்கவில்லை. விமானப்படைத் தளபதி லீ-மாலரி இந்த இறக்கத்தைப் போரின் மிகச் சிறந்த பறத்தல் சாதனைகளில் வைத்துப் பேசினார். ஆறில் ஒரு கிளைடர் மட்டும் தவறான ஆற்றின் கரையில், பல மைல் தள்ளி இறங்கியது. எத்தனை ஒத்திகை பார்த்தாலும் அந்த அளவு பிழைக்கு இடம் உண்டு.

அதே விடியலில் அமெரிக்கர்கள் இறங்கிய பகுதியில் வயலுக்கு வயல் உயர்ந்த மண்வரப்பும் அதன்மேல் மரங்களும். புகைப்படத்தில் சாதாரண வேலியாகத் தெரிந்தவை நேரில் பல அடி உயரம். முதல் கிளைடரை ஓட்டிய லெப்டினன்ட் கர்னல் மைக் மர்ஃபி அமெரிக்காவின் கைதேர்ந்த கிளைடர் விமானிகளில் ஒருவர். பின்னால் ஜெனரல் டான் ப்ராட் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். அவரைக் காப்பதற்காக அடியில் எஃகுத் தகடுகள் பொருத்தியிருந்ததால் கிளைடரின் எடை கூடியிருந்தது. ஈரப்புல்லில் பிரேக் பிடிக்கவில்லை. வரப்பு மரங்களில் மோதியதில் ஜெனரலும் துணை விமானியும் இறந்தார்கள், மர்ஃபியின் கால்கள் முறிந்தன. ஆளைக் காக்கப் போட்ட கவசமே ஆளைக் கொன்றதில் பங்கு கொண்டது.

நம் பக்கத்து மண்ணிலிருந்தும் ஒரு கிளைடர் போர் புறப்பட்டிருக்கிறது. 1944 மார்ச் 5 மாலை, அசாமில் சில்சர் பக்கத்திலுள்ள லாலாகாட் ஓடுதளம். பிரிட்டிஷ் ஜெனரல் ஓர்ட் விங்கேட்டின் சிண்டிட் படையை ஜப்பானியருக்குப் பின்னால் பர்மாக் காட்டுக்குள் இறக்குவதற்காக, ஃபிலிப் காக்ரன், ஜான் அலிசன் இருவரின் தலைமையில் இருந்த அமெரிக்க ஏர் கமாண்டோ பிரிவு வாக்கோக்களை வரிசையாக நிறுத்தியிருந்தது. இறங்கும் இடங்களுக்குப் பிராட்வே, பிக்காடிலி என்று பெயர். புறப்படுமுன் வந்த புகைப்படம் பிக்காடிலி வெட்டவெளி முழுக்க மரத்தண்டுகள் குறுக்கே கிடப்பதைக் காட்டியது. எல்லாரும் பிராட்வேக்கே போவதென்று அங்கேயே முடிவாயிற்று.

ஒரு இழுவை விமானத்தின் பின்னால் இரண்டு கிளைடர்கள். ஏறிய வீரர்கள் தோட்டாவும் சாப்பாடும் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுமையோடு 7,000 அடிக்கு மேல் ஏறி மலைகளைக் கடக்கவேண்டும். இழுவை எஞ்சின்கள் கொதித்தன, கயிறுகள் அறுந்தன. சில கிளைடர்கள் இந்தியப் பக்கமே இறங்கின, சில பர்மாவில் எங்கெங்கோ விழுந்தன. அப்படி விழுந்தவற்றால் ஜப்பானியர் எங்கே தாக்குதல் என்று புரியாமல் குழம்பியது ஒரு எதிர்பாராத பலன். பிராட்வேயை அடைந்தவர்களுக்கு வேறு தொல்லை காத்திருந்தது. நிலவொளியில் சமவெளியாகத் தெரிந்த இடத்தில் உயரமான புல்லுக்குள் மரம் இழுத்த பள்ளங்களும் கட்டைகளும் மறைந்திருந்தன. முதலில் இறங்கியவை சக்கரம் பிய்ந்து நடுவிலேயே நின்றுவிட்டன. அவற்றை நகர்த்துமுன் அடுத்தவை வந்துவிட்டன. எஞ்சின் இருந்தால் மேலே ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம். கயிற்றை விட்டுவிட்ட கிளைடருக்கு அந்த வழி இல்லை. எதிரே கிடக்கும் சிதைவின்மேல் ஏறவேண்டியதுதான், அல்லது அதைத் தாண்டிக் குதித்து மரங்களுக்குள் போகவேண்டியதுதான். சுமார் 30 பேர் இறந்தார்கள், இன்னும் அதிகமானோர் காயமடைந்தார்கள். தரையில் இருந்த சிண்டிட் அதிகாரி மைக் கால்வர்ட் பின்னால் வருபவற்றை நிறுத்தச் சொல்லித் தோல்விக்கான ரகசியச் சொல்லை அனுப்பினார்: சோயா லிங்க். வீரர்கள் வாயில் வைக்கவே வெறுத்த ரேஷன் உணவின் பெயர் அது. வெற்றிக்கான சொல்லான போர்க் சாசேஜ் மறுநாள் போய்ச் சேர்ந்தது.

ஏனென்றால் ஒரு சிறு புல்டோசர் தப்பியிருந்தது. அதைக் கொண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் ஒரே பகலில் ஓடுபாதை போட்டார்கள். அன்று மாலையே சி-47 விமானங்கள் இறங்கத் தொடங்கின. அடுத்த சில நாள்களில் சுமார் 9,000 வீரர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் காட்டுக்குள் போய்ச்சேர்ந்தார்கள். முதல் இரவு கிளைடர் ஓட்டியவர்களில் ஜாக்கி கூகன் என்பவரும் இருந்தார். சாப்ளினின் ‘த கிட்’ படத்தில் அவரோடு நடித்த அந்தக் குழந்தைதான். போர் விமானியான அலிசனும் தானே ஒரு கிளைடரை ஓட்டிப் போய் இறங்கினார். தளபதியும் நடிகரும் சாதாரண விமானியும் ஒரே ஆபத்தை ஏற்ற அந்த ஏர் கமாண்டோ பிரிவில், இறங்கிய விமானிகளைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடும் இருந்தது, ஓடுபாதை வழியாக. அமெரிக்க முறை சரியாக நடந்த இடம் என்று நான் காட்டக்கூடியது பிராட்வேதான். அங்கே விமானி காத்திருக்கவேண்டியது ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும்.

ஹாலந்தில் அப்படி இருக்கவில்லை. 1944 செப்டம்பர் 17 தொடங்கிய மார்க்கெட் கார்டன் நடவடிக்கையில் ஆர்னெம் நகருக்கு மேற்கே வோல்ஃப்ஹெஸ பக்கத்து வயல்களில் பிரிட்டிஷ் கிளைடர்கள் இறங்கின. இறக்கம் பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. தொல்லை அதன்பின். பாலம் 10 கிலோமீட்டருக்கும் அப்பால், வழியில் ஜெர்மன் கவசப்படை. இரண்டு மூன்று நாளில் வந்துசேரும் என்று எதிர்பார்த்த தரைப்படை வரவில்லை. ஊஸ்டர்பேக் ஊரின் தோட்டங்களிலும் வீடுகளிலும் முற்றுகையிடப்பட்ட பிரிட்டிஷ் படையில் 1,200-க்கும் மேற்பட்ட கிளைடர் விமானிகள் இருந்தார்கள். சாட்டர்ட்டனின் கெடுபிடிக்குப் பொருள் கிடைத்தது அங்கேதான். அவர்கள் தங்களுக்கென்று அணிகளாகவும், அதிகாரிகளோடும், ஆயுதங்களோடும் இறங்கியிருந்தார்கள். அதனால் முற்றுகை வளையத்தில் தனிப் பகுதிகளையே அவர்களிடம் ஒப்படைக்க முடிந்தது.

அவர்களில் ஒருவரான லூயி ஹேகனின் அனுபவம் அச்சில் இருக்கிறது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே நாஜிகளின் வதைமுகாமைப் பார்த்து, பிரிட்டனுக்குத் தப்பி வந்தவர். பிடிபட்டால் என்ன ஆகும் என்பதால் லூயிஸ் ஹெய்க் என்ற பெயரில் பறந்தார். ‘ஆர்னெம் லிஃப்ட்’ என்ற அவருடைய நூல் போர் முடிந்த ஆண்டிலேயே வந்தது. அதில் பறத்தல் கொஞ்சம்தான். மீதியெல்லாம் வீட்டுக்கு வீடு நடந்த சண்டை, பசி, தூக்கமின்மை, பக்கத்து ஆள் விழுவது. கிளைடர் விமானியின் போர் எதில் அடங்கியிருந்தது என்பதற்கு அந்த விகிதமே சான்று. செப்டம்பர் 25 இரவு மிஞ்சியவர்கள் ரைன் ஆற்றைக் கடந்து பின்வாங்கியபோது, மழையிலும் இருட்டிலும் தோப்புகள் வழியே படகுத்துறைக்கு வழிகாட்டி நின்றவர்கள் கிளைடர் விமானிகள். பூட்ஸின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, முன்னே போகிறவரின் சட்டையைப் பிடித்தபடி வந்தவர்களை ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். ரெஜிமென்ட் அந்த ஒன்பது நாளில் 200-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. காயமடைந்தவர்களும் சிறைபிடிக்கப்பட்டவர்களும் அதைப்போல இரு மடங்கு.

அதே நடவடிக்கையில் தெற்கே இறங்கிய அமெரிக்க கிளைடர்களில் ஒரே ஒரு விமானி. பக்கத்து இருக்கையில் துணை விமானிக்குப் பதிலாக, பறத்தலே அறியாத ஒரு காலாட்படை வீரர். வழியில் விமானிக்கு அடிபட்டால் அந்த வீரரே பிடியைப் பற்றி இறக்கவேண்டிய நிலை நேர்ந்தது. இறங்கியபின் அந்த நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு அணியும் இல்லை, தலைவனும் இல்லை. சிலர் சண்டையில் சேர்ந்து நன்றாகவே நின்றார்கள். சிலர் வண்டி பிடித்துப் பின்னுக்குப் போனார்கள். பலர் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தார்கள். 82-ஆம் வான்வழிப் படையின் தளபதி ஜேம்ஸ் கேவின் இதைப் பற்றிக் கடுமையாகவே மேலிடத்துக்கு எழுதினார். குறை நியாயமானது. ஆனால் அந்த விமானிகள்மீது பழி சுமத்துவது நியாயமில்லை. நீ இனிமேல் யார் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் போர்க்களத்தின் நடுவே இறக்கப்பட்டவர்கள் அவர்கள்.

பிரிட்டிஷ் முறையின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். விமானியைச் சிப்பாயாகச் சண்டையிட வைத்தால் விமானி சாவார். ஒருவரை உருவாக்கப் பல மாதங்கள் பிடிக்கின்றன. ஆர்னெமில் ஒரே அடியாக ரெஜிமென்ட் வெறுமையாயிற்று. 1945 மார்ச் 24 அன்று ரைன் நதியைத் தாண்டிய வார்சிட்டி நடவடிக்கைக்குப் பிரிட்டன் 400-க்கும் அதிகமான கிளைடர்களை அனுப்ப வேண்டியிருந்தபோது, விமானப்படையில் வேலை இல்லாமல் காத்திருந்த விமானிகளைக் கொண்டுவந்து இருக்கைகளை நிரப்பினார்கள். எஞ்சின் விமானம் ஓட்டும் கனவோடு படையில் சேர்ந்தவர்களுக்குக் கிளைடரும் துப்பாக்கியும் அவசரமாகக் கற்றுத்தரப்பட்டன. அவர்கள் நன்றாகவே செய்தார்கள். பகல் வெளிச்சத்தில், தரையை மூடிய புகைக்குள், விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு நடுவே இறங்கிய அந்தக் கிளைடர்களில் அடிபடாதவை குறைவு.

வீரக்கதைகளின் ஓரத்தில் நிறுத்திவிடக் கூடாத இன்னொரு இறக்கமும் உண்டு. 1944 ஜூலை 21 காலை, பிரான்சின் வெர்கோர் மலைப்பகுதியில் வாசியூ என்ற ஊர். விடுதலைப் போராளிகள் நேசநாட்டு விமானங்களுக்காக அங்கே ஓடுபாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வானில் கிளைடர்கள் தெரிந்தபோது எதிர்பார்த்த உதவி வந்துவிட்டது என்று ஊரார் நினைத்தார்கள். வந்தவை ஜெர்மன் கிளைடர்கள். போராளிகளோடு ஊர்ச் சனங்களையும், குழந்தைகள் முதியவர்கள் என்று பாராமல், கொன்றார்கள். எபென்-எமேலில் வியந்து பாராட்டப்படும் அதே சத்தமற்ற இறக்கம்தான் இதுவும். விமானியின் கைத்திறனை மட்டும் தனியே எடுத்துப் புகழ்வதில் எனக்குள்ள தயக்கத்துக்கு வாசியூ காரணம்.

வார்சிட்டி நாளன்று அமெரிக்கர்களும் தங்கள் பதிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஹாலந்துக் குழப்பத்துக்குப் பிறகு ஒரு போக்குவரத்துப் பிரிவின் கிளைடர் விமானிகளைக் காலாட்படைக் கம்பெனியாகவே அமைத்து, சாலைச் சந்திப்பு ஒன்றைக் காக்கும் பொறுப்பைத் தந்தார்கள். இறங்கிய இரவு வேசல் நகர்ப் பக்கத்திலிருந்து பின்வாங்கி வந்த ஜெர்மன் படையொன்று டாங்கியோடும் பீரங்கிகளோடும் அந்தச் சந்திப்பில் வந்து மோதியது. பறக்கும் பிரிவைச் சேர்ந்த அந்த லெப்டினன்டுகளும் ஃப்ளைட் ஆபீசர்களும் பதுங்கு குழிகளிலிருந்து சுட்டு, கையிலிருந்த பஸூக்காவால் டாங்கியை அடித்து, விடியும்வரை சந்திப்பைவிட்டு நகரவில்லை. சாட்டர்ட்டன் மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த முடிவுக்கு அமெரிக்கா கடைசிப் பெரிய இறக்கத்தில் வந்துசேர்ந்தது. அதற்குள் ஐரோப்பாவில் கிளைடர்களுக்கான வேலை முடிந்துவிட்டது. ஹெலிகாப்டர் வந்ததும் இந்தத் தொழிலே மறைந்தது. பிரிட்டனின் கிளைடர் பைலட் ரெஜிமென்ட் 1957-இல் கலைக்கப்பட்டது.